திங்கட்கிழமைக் கணக்கு: 2024 இலையுதிர் காலத்தில் தியேட்டரில் பார்க்க வேண்டிய படங்கள்

செப்டம்பர் பிறந்தாச்சு. பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் திரும்பியாச்சு. லண்டனில் இரவு எட்டு மணிக்குள் இருட்டிவிடுகிறது. இனி பூங்கா, கடற்கரை, பார்பிக்யூ எல்லாம் அடுத்த மே மாதம்தான். சனிக்கிழமை மாலையானால் "என்ன பண்ணலாம்?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். அதற்கு நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பழைய பதில் ஒன்றுதான்: படத்துக்குப் போகலாம்.

இந்த வருடம் அந்தப் பதிலுக்கு நல்ல வலு இருக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தீபாவளி வரை வரிசையாகப் படங்கள். விஜய் வருகிறார், ரஜினி வருகிறார், நடுவில் சத்தமில்லாமல் இரண்டு சின்னப் படங்கள் வருகின்றன, ஆங்கிலத்திலும் நாம் தவறவிடக் கூடாத சில படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போக யாருக்கும் நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் எதற்குப் போகலாம், எதை யாரோடு பார்க்கலாம், எதை ஓடிடிக்கு விட்டுவிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். தேதிகள் பிரிட்டனுக்கானவை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவிலும் அதே வாரம் வந்துவிடும். ஆங்கிலப் படங்களின் தேதி நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலுக்கு முன் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

திங்கட்கிழமை என்ன நடக்கிறது?

இங்கே மல்டிபிளெக்ஸ்களில் எந்தப் படம் அடுத்த வாரமும் ஓடும், எது தூக்கப்படும் என்பது பெரும்பாலும் திங்கட்கிழமை முடிவாகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்ப்பார்கள். எந்தத் திரையில் எத்தனை இருக்கை நிறைந்தது என்று பார்ப்பார்கள். அடுத்த வெள்ளியிலிருந்து யாருக்கு எத்தனை காட்சி என்று பிரித்துவிடுவார்கள். படம் நல்ல படமா, விமர்சனம் எப்படி, விருது வாங்கியதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இருக்கை மட்டும்தான் வரும்.

பெரிய நடிகர் படத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. முதல் நாளே நிறைந்துவிடும். அடிபடுவது சின்னப் படம். அதற்குக் கிடைப்பதே ஒரு வாரம். அதிலும் சில ஊர்களில் ஒரு நாளைக்கு ஒரே காட்சி, அதுவும் இரவு ஒன்பதரைக்கு. "நல்லா இருக்குன்னு சொல்றாங்க, அடுத்த வாரம் போகலாம்" என்று நாம் முடிவெடுப்பதற்குள் அடுத்த வாரம் என்ற ஒன்று அந்தப் படத்துக்கு இல்லாமல் போய்விடுகிறது. பிறகு நான்கு வாரத்தில் ஓடிடியில் வரும். பாதிப் படத்தில் குக்கர் விசில் அடிக்கும், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுத்துவோம். அந்த நாளை வரவே வராது.

இது ஒரு ஃபீட்பேக் லூப். சின்னப் படத்துக்கு நாம் போகவில்லை, அதனால் அடுத்த சின்னப் படத்தை விநியோகஸ்தர் எடுத்துவரவில்லை, எடுத்துவராததால் நமக்கும் போக வழியில்லை. இப்படியே சுற்றினால் வெளிநாட்டுத் தியேட்டரில் தமிழ்ப் படம் என்றால் வருடத்துக்கு மூன்று நட்சத்திரப் படம் என்று முடிந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சினிமா என்றால் கண்ணாடியைச் சுழற்றி மாட்டுவதும் கார் பறப்பதும்தான் என்று பதிந்துவிடும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் காட்டியது அதைத்தானே.

திரைகளும் கூடிக்கொண்டு போகவில்லை, குறைந்துகொண்டுதான் போகின்றன. இல்ஃபோர்டிலும் ஃபெல்தமிலும் நமக்குத் தமிழ்ப் படம் காட்டும் சினிவேர்ல்ட் நிறுவனம், கடந்த ஜூலையில் பிரிட்டனில் ஆறு தியேட்டர்களை மூடுவதாக அறிவித்தது. கனடாவில் நிலைமை வேறு மாதிரி. டொராண்டோ வட்டாரத்தில் தென்னிந்தியப் படம் போடும் தியேட்டர்களைக் குறிவைத்து இந்த வருடம் ஜனவரியில் துப்பாக்கிச்சூடு வரைக்கும் போனது. 'மலைக்கோட்டை வாலிபன்' காட்சிகளை சினிபிளெக்ஸ் ரத்து செய்தது. நமக்குத் தியேட்டரில் தாய்மொழிப் படம் கிடைப்பது தானாக நடக்கிற காரியம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

சரி, பட்டியலுக்கு வருவோம்.

செப்டம்பர் 5: 'கோட்' (தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்)

இதற்கு நான் சிபாரிசு செய்து யாரும் போகப் போவதில்லை. ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்ற கட்டுப்பாடு வந்த பிறகு வேடிக்கையான ஒரு நிலைமை. சென்னையில் 9 மணி என்றால் நமக்கு அதிகாலை 4.30. அந்த நேரத்துக்கு இங்கே தியேட்டர் வாசலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிற கூட்டம், ஊர்க்காரர்களோடு ஒரே நேரத்தில், சில சமயம் அவர்களுக்கும் முன்னால், படம் பார்த்துவிடுகிறது. பிறகு அப்படியே ஆபீஸ் போய் ஒன்பது மணி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்காரும். யாரென்று கேட்காதீர்கள்.

வெங்கட் பிரபு இயக்கம், யுவன் சங்கர் ராஜா இசை. முப்பதுகளில் இருக்கும் நமக்கு நடிகர் பட்டியலே ஒரு பழைய ஆல்பம் மாதிரி: பிரஷாந்த், பிரபுதேவா, சினேகா, லைலா, 'மைக்' மோகன். விஜய்யும் சினேகாவும் 2003இல் 'வசீகரா'வில் சேர்ந்து நடித்தது. இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. பிப்ரவரியில் கட்சி தொடங்கிய விஜய், கைவசம் இருக்கும் வேலையை முடித்துவிட்டு முழுநேர அரசியலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் இதற்குப் பிறகு இன்னும் ஒன்றுதான். அதனால் இந்த முறை தியேட்டரில் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

எனக்கு இந்தப் படத்தில் ஆர்வம் வேறு காரணத்துக்காக. விஜய்யின் இளமைத் தோற்றத்தை அமெரிக்காவின் லோலா விஎஃப்எக்ஸ் நிறுவனத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள். கடந்த ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்து, 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டை ஜூனில் வெளியிட்டார்கள். மறைந்த விஜயகாந்தும் இதே மாதிரி திரையில் வருகிறார். இப்படிக் குரல் எடுப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. பொதுவாக வேறொருவர் பாடியதை எடுத்து, மறைந்தவரின் பழைய பதிவுகளை வைத்துப் பயிற்றுவித்த மாடல் வழியாக அந்தக் குரலாக மாற்றுவார்கள். மூச்சும் பாவமும் பாடியவருடையவை, குரலின் நிறம் மட்டும் போனவருடையது. இங்கே இசையமைத்தவர் சொந்தத் தம்பி, அதனால் கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது. விஜயகாந்த் குடும்பமும் சம்மதித்திருக்கிறது. ஆனால் நாளைக்குக் கேட்க ஆள் இல்லாத ஒரு கலைஞரின் குரலை யாரோ எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? படம் பார்த்துவிட்டு வரும் வழியில் பிள்ளைகளிடம் பேச இது நல்ல விஷயம். அவர்களுக்கு நம்மைவிட இது நன்றாகப் புரியும்.

செப்டம்பர் 13: 'லீ'

இது தமிழ்ப் படம் இல்லை. ஆனாலும் நம் வாசகர்கள் போக வேண்டிய படம் என்பேன்.

லீ மில்லர் அமெரிக்காவில் மாடலாக இருந்தவர். பிறகு கேமராவுக்குப் பின்னால் போய், இரண்டாம் உலகப் போரில் 'வோக்' பத்திரிகைக்காகப் போர்முனைக்குப் புகைப்படம் எடுக்கப் போனார். ஃபேஷன் பத்திரிகைக்கு! நாஜி வதைமுகாம்களான புகென்வால்ட், டாஹாவ் விடுவிக்கப்பட்டபோது உள்ளே போய்ப் படம் எடுத்தவர்களில் ஒருவர். 1945 ஏப்ரல் 30 அன்று ம்யூனிக்கில் இருந்த ஹிட்லரின் வீட்டுக் குளியல்தொட்டியில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. கேட் வின்ஸ்லெட் லீயாக நடிப்பதோடு தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருக்கிறார். இயக்கியவர் எலன் குராஸ், அடிப்படையில் ஒளிப்பதிவாளர்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் போர்முனை இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. போர் முடிந்து வந்த லீ தன் வேலையைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. 1977இல் அவர் இறந்த பிறகுதான், வீட்டின் மேல்மாடப் பரணில் பெட்டி பெட்டியாகப் படங்களும் நெகட்டிவ்களும் கிடப்பதை மகன் ஆன்டனி பென்ரோஸின் குடும்பம் கண்டுபிடித்தது. தன் அம்மா யார் என்பதே மகனுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் இந்தப் படத்துக்கு மூலம்.

ஈழத்திலிருந்து வந்த நண்பர்கள் வீடுகளில் இதே மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். நான் தமிழ்நாட்டுக்காரன், அந்தப் போரைத் தூரத்திலிருந்து டிவியில் பார்த்தவன். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், பங்கர், ஷெல், இடம்பெயர்வு எதையும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. "என்னத்துக்கு அதுகளுக்கு இதெல்லாம்?" என்பார். பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது. அவர்களாகவே இணையத்தில் தேடித் தேடிப் பார்க்கிறார்கள், அப்பாவிடம் கேட்கத் தயங்குகிறார்கள். 'லீ' அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கு கிடைக்கும். படத்தில் முகாம் காட்சிகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு போங்கள். போரைக் கண்ணால் கண்டவர்கள், மனதுக்குத் தோதாக இருந்தால் மட்டும் போங்கள்.

செப்டம்பர் 20: 'லப்பர் பந்து'

நான் மேலே சொன்ன திங்கட்கிழமைக் கணக்கில் அடிபடக்கூடிய படம் என்றால் இதுதான். புது இயக்குநர், தமிழரசன் பச்சமுத்து. ஹரிஷ் கல்யாண், 'அட்டகத்தி' தினேஷ் நடிக்கிறார்கள். ஷான் ரோல்டன் இசை. ஊர்ப்புறத்து ரப்பர் பந்து கிரிக்கெட்டும், அதில் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையில் மூளும் பகையும்தான் கதை.

தலைப்பைப் பாருங்கள். ரப்பரை 'லப்பர்' என்று சொன்ன வாய் நம்முடையதுதானே? வயலில் அறுப்பு முடிந்ததும் பிட்ச், மூன்று குச்சி, ஒரு மட்டை, பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனால் அவுட். பந்து வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்த கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். இங்கேயும் அது விடவில்லை. கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஹாரோ, குராய்டன், ஈஸ்ட் ஹாம் பக்கத்து மைதானங்களைப் பாருங்கள். பழைய பள்ளி மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் என்று ஜெர்சி அடித்துக்கொண்டு, முழங்காலில் பேண்டேஜ் கட்டிக்கொண்டு நாற்பது வயது அண்ணன்மார் ஓடுகிறார்கள். செப்டம்பரோடு அந்த சீசன் முடிகிறது. டீம் மொத்தமும் அப்படியே இந்தப் படத்துக்குப் போகலாமே? பதினோரு பேர் போனால் ஒரு வரிசை நிறைந்துவிடும்.

வயசு, கௌரவம், யார் பெரிய ஆள் என்ற போட்டி, கிராமத்து அணிகளில் யாரைச் சேர்ப்பது யாரை ஒதுக்குவது என்ற சாதி அரசியல் என கிரிக்கெட்டை வைத்துச் சொல்ல நம் ஊரில் கதை நிறைய உண்டு. நம் சினிமா இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறது. சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிகுழு' கபடியில் செய்ததையும், வெங்கட் பிரபுவின் 'சென்னை 28' கிரிக்கெட்டில் செய்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பெரிய நட்சத்திரம் இல்லாமல் வந்து ஜெயித்த படங்கள்.

செப்டம்பர் 27: 'மெய்யழகன்'

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

'96' எடுத்த பிரேம்குமாரின் அடுத்த தமிழ்ப் படம். அது வந்து ஆறு வருடம் ஆகிறது. கார்த்தி, அரவிந்த்சாமி. சூர்யா, ஜோதிகாவின் 2டி நிறுவனம் தயாரிப்பு. '96'க்கு இசையமைத்த கோவிந்த் வசந்தாதான் இதற்கும் இசை. கமல்ஹாசன் பாடியிருக்கிறார். பெரிய சண்டை, வில்லன், குத்துப்பாட்டு இருக்கிற மாதிரித் தெரியவில்லை. சொந்த ஊரான தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். அங்கே ஒரு சொந்தக்காரர் உயிராக ஒட்டிக்கொள்கிறார். வந்தவருக்கு அவர் யாரென்றே ஞாபகம் இல்லை. கதை இவ்வளவுதான்.

இது யாருடைய கதை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மூன்று வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு வார லீவில், கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ ஊருக்குப் போகிறவர்கள் நாம். மண்டப வாசலில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னப்பா, என்னைத் தெரியுதா?" என்பார். முகம் தெரியும், பெயர் வராது. மாமாவா சித்தப்பாவா என்பதும் வராது. "தெரியாம என்ன, நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகச் சிரித்துவிட்டு, பக்கத்தில் அம்மா எங்கே என்று கண்ணால் தேடுவோம். அவருக்கோ நம் பள்ளிக்கூடப் பெயர், நமக்குக் காய்ச்சல் வந்தது, நாம் சைக்கிளில் விழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கும். ஊரை விட்டு வந்தவர்களிடம் ஊர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைவிட, ஊரில் இருப்பவர்களிடம் நாம் எவ்வளவு மிச்சம் இருக்கிறோம் என்பது பெரிய விஷயம். அந்தக் கணக்கில் நாம்தான் கடன்காரர்கள்.

முடிந்தால் அப்பா அம்மாவோடு போங்கள். ஊரிலிருந்து விசாவில் வந்து, நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களை லண்டன் ஐ காட்டக் கூட்டிப்போனதைவிட இது பிடிக்கும்.

இதே நாளில் ஜூனியர் என்டிஆரின் 'தேவரா' வருவதால் தென்னிந்தியப் படங்களுக்கான திரைகளில் பெரும்பங்கு அதற்குப் போய்விடும். அதே வெள்ளிக்கிழமை கொப்போலாவின் 'மெகாலோபோலிஸ்' படமும் வருகிறது. 'காட்ஃபாதர்' எடுத்தவர், 85 வயதில், தன் ஒயின் தோட்டச் சொத்தில் ஒரு பங்கை விற்று, சுமார் 12 கோடி டாலர் சொந்தப் பணம் போட்டு எடுத்த படம். கான் விழாவில் பாதிப் பேர் தூக்கிப் பிடித்தார்கள், பாதிப் பேர் எழுந்து நின்று திட்டாத குறை. சினிமாப் பைத்தியங்கள் ஐமேக்ஸில் பார்க்கலாம். குடும்பத்தோடு என்றால் 'மெய்யழகன்'தான்.

அக்டோபர் 10: 'வேட்டையன்'

அதே தேதியில் வருவதாக இருந்த 'கங்குவா', ரஜினி படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும் என்று 'மெய்யழகன்' விழா மேடையிலேயே சூர்யா சொல்லிவிட்டார். அதனால் இந்த விடுமுறை வாரம் மொத்தமும் ரஜினிக்கு. அமிதாப் பச்சனோடு அவர் சேர்ந்து நடிப்பது 1991இல் வந்த 'ஹம்' படத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. பகத் பாசில், ராணா, மஞ்சு வாரியரும் இருக்கிறார்கள். அனிருத் இசை.

நான் எதிர்பார்ப்பது இயக்குநரை. த.செ.ஞானவேல் 2021இல் 'ஜெய் பீம்' எடுத்தவர். இருளர் சமூகத்து மனிதர் ஒருவர் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதையும், அவர் மனைவி நீதிமன்றம் வரை போய்ப் போராடியதையும் காட்டிய படம். போலீஸ் அதிகாரத்தை அந்த அளவுக்குக் கேள்வி கேட்ட இயக்குநர், இப்போது ரஜினிக்குப் போலீஸ் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார். 'மூன்று முகம்' அலெக்ஸ் பாண்டியனிலிருந்து நாம் கைதட்டிப் பழகிய அந்த போலீஸ் ரஜினியை ஞானவேல் என்ன செய்யப் போகிறார்? என்கவுன்டருக்கு விசில் அடிக்க வைப்பாரா, அடித்த விசிலை நினைத்துக் கூச வைப்பாரா? இந்த ஒரு கேள்விக்காகவே முதல் வாரம் போவேன். தியேட்டரில் கூட்டம் எந்த இடத்தில் விசில் அடிக்கிறது, எந்த இடத்தில் அடங்குகிறது என்பதும் சேர்ந்ததுதான் இந்தப் படம். அது ஓடிடியில் கிடைக்காது.

அக்டோபர் 9 முதல் 20 வரை: லண்டன் திரைப்பட விழாவும் ஒரு மலையாளப் பேச்சும்

பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' இந்த வருடம் கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியது. அந்த விழாவின் போட்டிப் பிரிவுக்கு ஓர் இந்தியப் படம் போனதே, 1994இல் ஷாஜி கருணின் 'ஸ்வாஹம்' போன பிறகு 30 வருடம் கழித்துத்தான். மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி நர்ஸ்களின் கதை. கனி குஸ்ருதி, திவ்ய பிரபா நடித்திருக்கிறார்கள். பேச்சில் பெரும்பகுதி மலையாளம்.

பிரிட்டனில் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாலும் ஒரு மலையாளி நர்ஸைப் பார்க்கலாம். நம் வீட்டுப் பெண்களும் அந்த வேலையில் நிறைய இருக்கிறார்கள். இரவு ஷிப்ட், பகிர்ந்துகொள்ளும் அறை, ஊருக்கு அனுப்பும் பணம், போனில் மட்டும் இருக்கும் குடும்பம். இந்த வாழ்க்கையை யாரோ கவனமாகப் பார்த்துப் படமாக்கி, உலகம் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. லண்டன் விழாவில் டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் பொதுத் திரைக்கு வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள். வாரயிறுதி ஷிப்ட் முடித்துவரும் தோழிக்கு ஒரு டிக்கெட் சேர்த்தே எடுங்கள்.

அக்டோபர் 18: 'தி வைல்ட் ரோபோ'

பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இது உங்களுக்கு. அமெரிக்கா, கனடாவில் செப்டம்பர் 27 அன்றே வந்துவிடும். நமக்குப் பள்ளி அரைப்பருவ விடுமுறைக்குச் சற்று முன்னால் வருகிறது. இயக்கியவர் கிறிஸ் சாண்டர்ஸ், 'லிலோ அண்ட் ஸ்டிச்', 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படங்களின் இரு இயக்குநர்களில் ஒருவர். பீட்டர் பிரவுன் 2016இல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். பள்ளி நூலகத்தில் இருக்கும், படத்துக்கு முன்பே படிக்கக் கொடுங்கள்.

மனித வேலைக்காகச் செய்யப்பட்ட ரோபோ ஒன்று, ஆளில்லாத் தீவில் கரை ஒதுங்குகிறது. அங்குள்ள விலங்குகளுக்கு அதைக் கண்டாலே பயம். அது ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்து, அவற்றின் பேச்சைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறது. அநாதையான வாத்துக் குஞ்சு ஒன்றுக்கு அம்மாவாகிறது. குளிர்காலம் வருவதற்குள் அந்தக் குஞ்சு பறக்கப் பழகி, கூட்டத்தோடு இடம்பெயர வேண்டும். பழக்கிவிட்டால் பிள்ளை போய்விடும், பழக்காவிட்டால் செத்துவிடும்.

ஊரிலிருந்து வந்து, இந்த ஊர்ப் பேச்சைப் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டு, பிள்ளையை நமக்கே தெரியாத ஒரு வானத்துக்குப் பழக்கிக்கொண்டிருக்கும் யாரும் இதை வெறும் கார்ட்டூன் என்று சொல்ல மாட்டார்கள். கைக்குட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு.

எதை விட்டுவிடலாம்?

அக்டோபர் 4 அன்று 'ஜோக்கர்' இரண்டாம் பாகம் வருகிறது. முதல் பாகம் இங்கே 15 வயதுக்கு மேல் என்று சான்றிதழ் வாங்கிய படம். போஸ்டரைப் பார்த்துவிட்டு "பேட்மேன் கதைதானே" என்று குட்டிப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். செப்டம்பர் 20 அன்று வரும் 'தி சப்ஸ்டன்ஸ்' கான் விழாவில் திரைக்கதை விருது வாங்கியது, டெமி மூர் நடித்தது. மாமியாரோடு போகக்கூடிய படம் அல்ல, அவ்வளவுதான் சொல்வேன். தீபாவளிக்கு அக்டோபர் 31 அன்று சிவகார்த்திகேயன், சாய் பல்லவி நடித்த 'அமரன்' இருக்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கைக் கதை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

செலவைப் பற்றியும் பேசிவிடுவோம்

"இத்தனைக்கும் போனால் வீட்டுக் கடன் யார் கட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயம். நாலு பேர் உள்ள குடும்பம் போய், பாப்கார்னும் வாங்கினால் ஐம்பது பவுண்டைத் தாண்டிவிடுகிறது. பெரிய நடிகர் படத்தின் முதல் நாள் காட்சிகளுக்கு டிக்கெட் விலையே கூடுதல். நான் சொல்வது கூடுதலாகச் செலவு பண்ணுங்கள் என்பதல்ல, செலவைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள் என்பதுதான்.

'கோட்' படத்தை முதல் நாள் ஒரு தடவை, நண்பர்களோடு மறுபடி ஒரு தடவை என்று இரண்டு முறை பார்க்க நினைத்திருந்தால், அந்த இரண்டாவது டிக்கெட் காசை 'லப்பர் பந்து'க்கு மாற்றுங்கள். விஜய்க்கு ஒரு இருக்கை குறைந்தால் ஒன்றும் ஆகாது. தமிழரசனுக்கு ஒரு இருக்கை கூடினால் திங்கட்கிழமைக் கணக்கில் தெரியும். சின்னப் படத்துக்குப் போவதென்றால் முதல் வெள்ளி, சனி, ஞாயிறிலேயே போங்கள். செவ்வாய்க்கிழமை போனாலும் படம் அதே படம்தான், ஆனால் முடிவு அதற்குள் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஊரில் படம் போடவில்லை என்றால் தியேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஊர்ச் சங்கம் முப்பது நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் தனிக்காட்சி போடவும் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

"பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாகப் புரியாதே" என்பது அடுத்த தயக்கம். இங்கே வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்கும், புக் பண்ணும்போதே பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் தமிழ் தெரிந்த பிள்ளை, கீழே ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டே காதில் தமிழைக் கேட்கும்போது, நாம் வீட்டில் சொல்லிச் சொல்லி வராத சொற்கள் தானாக ஏறுகின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் தமிழ் புத்தகத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பேச்சும், மைதானத்தில் கத்தும் பேச்சும் புத்தகத்தில் இல்லை. முந்நூறு பேர் ஒரே இடத்தில் ஒரே தமிழ் நகைச்சுவைக்குச் சிரிப்பதை, அது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசுகிற பாஷை இல்லை என்பதை, இங்கே பிறந்த பிள்ளை நேரில் பார்க்க எத்தனை இடம் இருக்கிறது? கோயில், கல்யாண வீடு, தியேட்டர். இதில் தியேட்டருக்கு மட்டும்தான் பிள்ளைகள் கூப்பிட்டவுடன் கிளம்புகிறார்கள்.

ஆக, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் 20 நண்பர்களோடு, 27 அப்பா அம்மாவோடு, அக்டோபர் 18 குட்டிகளோடு. விஜய்யையும் ரஜினியையும் குறித்துவைக்கத் தேவையில்லை, அவர்கள் தேதியை வாட்ஸ்அப் குரூப்பே ஞாபகப்படுத்திவிடும்.